‘பிட்’ என்னும் சொல்: ஏலத்திலும் டெண்டரிலும் முதன்முறையாக இறங்குவோருக்கு

நம் பக்கத்தில் ‘பிட்’ என்றதும் நினைவுக்கு வருவது பிட் நோட்டீஸ். அடுத்தபடியாகத் தேர்வறைக்குள் மாணவர் மறைத்து எடுத்துச் செல்லும் துண்டுச் சீட்டு. இவை இரண்டும் ‘துண்டு’ என்று பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லிலிருந்து (bit) வந்தவை. வங்கியின் ஏல அறிவிப்பிலும், இணையவழி டெண்டர் தளத்திலும், பங்குச்சந்தைத் திரையிலும் காணப்படும் ‘பிட்’ (bid) முற்றிலும் வேறானது. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது என்றாலும், ஒலிப்பில் வேறுபாடு உண்டு. துண்டைக் குறிக்கும் சொல்லின் இறுதியில் ‘பட்டு’ என்பதில் வரும் வல்லொலி கேட்கும். ஏலத்தைச் சார்ந்த சொல்லின் இறுதியில் ‘நாடு’ என்பதில் வரும் மெல்லிய டகர ஒலி கேட்கும்.

குளத்து மீன்பாசிக் குத்தகைக்கோ, சாலையோரப் புளியமர மகசூலுக்கோ, வங்கி விற்கும் வீட்டுக்கோ, அரசு அலுவலகத்துக்குப் பொருள் வழங்கும் டெண்டருக்கோ முதன்முறையாகப் பணம் கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் பொருத்திப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. ஓர் இடத்தில் நீங்கள் கொடுக்கப்போகும் தொகை ‘பிட்’. இன்னோர் இடத்தில் நீங்கள் வாங்கப்போகும் தொகை ‘பிட்’. மற்றோர் இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை ‘பிட்’. பணம் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே சொல்லின் பொருள் பிடிபடும்.

முதல் வேலை: பணத்தின் திசையைப் பாருங்கள்

பொருளை விற்பவர் ஒருவராகவும் வாங்க வந்தவர் பலராகவும் இருந்தால், அது ஏலம். அங்கே ‘பிட்’ என்பது ஏலக் கேள்வி, கேட்கப்படும் தொகை கேள்வித்தொகை, கேட்பவர் ஏலதாரர். அதிகம் கேட்டவருக்கே பொருள். அலுவலகத் தாள்களில் அவரை ‘எச் 1’ என்று குறிப்பார்கள்.

பொருளையோ வேலையையோ பெற விரும்புகிறவர் ஒருவராகவும், செய்து தர முன்வருகிறவர் பலராகவும் இருந்தால், அது டெண்டர். அங்கே ‘பிட்’ என்பது ஒப்பந்தப்புள்ளி அல்லது விலைப்புள்ளி. தகுதியுள்ளவர்களுள் குறைந்த விலை கொடுத்தவர் முன்னிற்பார். அவர் ‘எல் 1’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், டெண்டரையும் ‘ஏலம்’ என்று பலர் பேசிவிடுகிறார்கள். அப்படிப் பேசிப் பழகியவர்கள் தொகையைக் கூட்டினால் வேலை கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வகை ஏலச்சீட்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருநெல்வேலிப் பக்கத்தில் பலர் வாழ்க்கையில் முதலில் கேட்கும் ஏலம் சீட்டு ஏலம்தான். மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 பேர் சேர்ந்த 1,00,000 ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். அவசரத் தேவையுள்ள ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் என்றால், அவர் கேட்ட 20,000 ரூபாய் அவர் கைக்கு வருகிற பணம் அன்று. அவர் விட்டுக்கொடுக்கிற கழிவு. அவருக்குக் கிடைப்பது 80,000 ரூபாய். கழிவுத் தொகையிலிருந்து சீட்டு நடத்துபவரின் தரகு போக மீதி எல்லாருக்கும் பகிரப்படும். தரகு 5,000 ரூபாய் என்றால் மீதி 15,000 ரூபாயை 20 பேருக்குப் பிரிக்கும்போது தலைக்கு 750 ரூபாய் வரும். இங்கே அதிகம் கேட்டவர் வெல்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வெல்வது அதிகம் இழக்கச் சம்மதிப்பதால். சீட்டு நிதிச் சட்டம் 1982-இல் வந்தது; 2019-இல் செய்த திருத்தத்தின்படி நடத்துபவரின் தரகு 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடு வரை உயரலாம். பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று கேட்காமல் இந்த ஏலத்தில் உட்கார வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது: திறந்த கேள்வியா, மூடிய கேள்வியா

உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் மீன் கரைக்கு வந்ததும் மணலிலேயே குவித்து ஏலம் கூறுவார்கள். ஒருவர் கேட்டது எல்லாருக்கும் கேட்கும். அதற்கு மேலே இன்னொருவர் கேட்பார். “அண்ணாச்சி, இன்னும் கேக்கியளா? ஒருதரம்… ரெண்டுதரம்…” என்று ஏலக்காரர் இழுப்பதற்கு நோக்கம் உண்டு. அந்த இடைவெளி உங்களுக்கு யோசிக்கத் தரப்பட்ட நேரம்; அதே வேளையில் உங்கள் ரோஷத்தைத் தூண்டுவதற்கான நேரமும் அதுவே. போகும்போதே இதற்கு மேல் கேட்பதில்லை என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடப்பது பெரும்பாலும் மறைமுக ஏலம். விவசாயி கொண்டுவந்த பருத்தியையோ நெல்லையோ வியாபாரிகள் பார்வையிட்டு, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாதபடி சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். உயர்ந்த விலை பிறகு அறிவிக்கப்படும். அந்த விலை கட்டுபடியாகவில்லை என்றால் விவசாயி தர மறுக்கலாம். 2016 ஏப்ரலில் தொடங்கிய இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தையிலும் வியாபாரி தன் விலையைத் திரையில் பதிவதையே ‘பிட்’ என்கிறார்கள். மூடிய கேள்வியில் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. ஆகவே பக்கத்து ஆள் என்ன எழுதுவார் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, அந்தப் பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதை மட்டும் கணக்கிட்டு எழுதுவதுதான் பாதுகாப்பு.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கமும் ஒருவகை மூடிய கேள்விதான். ஆனால் அது இருவருக்கு இடையிலான பேரம். ஏலம் அன்று, ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது அங்கே ‘பிட்’ என்ற சொல் சரியாகப் பொருந்தாது.

கிறிஸ்தவ சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைத் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. சபையார் கொண்டுவந்து படைத்த கோழி, வாழைத்தார், பூசணிக்காய் ஆகியவற்றைக் கோயில் வளாகத்திலேயே ஏலம் விடுவார்கள். கடைவிலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஒருவர் ஒரு முட்டையை எடுப்பார். அவர் கேட்கிற தொகை விலை அன்று, காணிக்கை. பழைய ஆங்கிலத்தில் ‘கேட்டுக்கொள், வேண்டு’ என்று பொருள்படும் ஒரு வினையும், ‘கொடுக்க முன்வா, ஆணையிடு’ என்று பொருள்படும் மற்றொரு வினையும் தனித்தனியாக இருந்து, காலப்போக்கில் ஒன்றாகக் கலந்தே இன்றைய ‘பிட்’ உருவானது. வேண்டுதலைக் குறித்த அந்த முதல் வினைக்கு உறவான ஒரு பெயர்ச்சொல்தான் பின்னாளில் ஜெபமாலையின் மணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக ஆயிற்று. தமிழிலும் ‘ஏலம் கேட்டல்’ என்றுதானே சொல்கிறோம். கொடுக்கப் போகிறவர் ‘கேட்கிறார்’. ‘ஏலம்’ என்ற சொல்லோ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது. சொல் கடல்கடந்து வந்திருந்தாலும், அதோடு சேர்த்த ‘கேள்’ நம்முடையது, அது மிகப் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

மூன்றாவது: எந்த நொடியில் நீங்கள் கட்டுப்படுகிறீர்கள்

புதியவர்கள் அதிகம் அஞ்சுவதும், அதிகம் தவறுவதும் இதில்தான். அசையும் பொருள்களின் ஏலத்துக்கு 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு தெளிவாக வழிகாட்டுகிறது. ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கத்தில் உள்ள வேறு முறையிலோ விற்பனை முடிந்ததாக அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவடைகிறது. அதுவரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். நம் ஊரில் ‘மூணுதரம்’ என்பதே அந்த வழக்கமான முறை. விற்பவர் தாமே ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டி வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும் என்பதும், விலையை ஏற்றுவதற்காகப் போலி ஆள் வைத்துக் கேட்கச் செய்திருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளன.

ஆனால் அரசு, கோயில், வங்கி ஆகியவற்றின் ஏலங்களில் அறிவிப்பில் அச்சிட்ட நிபந்தனைகளுக்கு நீங்கள் கையெழுத்திட்டே உள்ளே போகிறீர்கள். அங்கே முன்னதாகக் கட்டும் தொகைக்கு டேவணித்தொகை என்றும், முன்வைப்புத்தொகை என்றும் பெயர். ஆங்கிலச் சுருக்கமாக ‘இ.எம்.டி.’ என்று எழுதியிருக்கும். எடுத்த பிறகு பின்வாங்கினால் இந்தப் பணம் திரும்பாது என்ற வரி அநேகமாக எல்லா அறிவிப்பிலும் இருக்கும்.

வங்கி விற்கும் சொத்தை எடுக்க நினைப்பவர்கள் கடனைக் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். அதன் விதிகளின்படி, உங்கள் கேள்வி உயர்ந்ததாக ஏற்கப்பட்டால், முன்வைப்புத்தொகையையும் சேர்த்து விலையில் 25 விழுக்காட்டை அன்றே, அல்லது மிஞ்சிப்போனால் அடுத்த வேலை நாளுக்குள், கட்ட வேண்டும். மீதி 75 விழுக்காட்டை விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். எழுத்துவழி உடன்பாட்டின்பேரில் இந்தக் காலம் நீளலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டுவிட்டு, கடன் கிடைக்காமல் 25 விழுக்காட்டையும் இழக்கும் நிலை வரக்கூடாது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது, சொத்துவரி நிலுவையை விசாரிப்பது, வங்கியிடம் இருப்பது காகிதத்தில் மட்டுமுள்ள உடைமையா அல்லது சாவியோடு கூடிய உடைமையா என்று கேட்பது ஆகிய மூன்றையும் கேள்வி போடுவதற்கு முன் முடித்துவிடுங்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொற்றொடர் அறிவிப்பில் இருந்தால், பின்னர் தெரியவரும் குறைகளுக்கு வங்கி பொறுப்பேற்காது என்பதே அதன் கருத்து.

குளத்து மீன்பாசி ஏலத்தில் நிபந்தனைத் தாளைப் படிக்கும்போது ‘பசலி’ என்ற சொல்லைக் கூர்ந்து பாருங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிவது. ஏலம் நடந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பசலிக் கணக்கில் விடப்பட்ட குத்தகையை அக்டோபரில் நடந்த ஏலத்தில் எடுத்தாலும் ஜூன் 30-க்குள் மீனைப் பிடித்து முடிக்க வேண்டியிருக்கும். நம் குளங்கள் வடகிழக்குப் பருவமழையில் பெருகி, பிசான நெல்லுக்கு நீர் பாய்ந்து, கோடையில் வற்றும்போதுதான் மீன் எளிதில் அகப்படும் என்பதால், எத்தனை மாதம் என்பதைவிட எந்த மாதங்கள் என்பதுதான் உங்கள் கேள்வித்தொகையைத் தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது: டெண்டர் திரையில் வரும் கூட்டுச் சொற்கள்

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் அடிப்படை. இப்போது பெரும்பாலான புள்ளிகளை இணையத்தில்தான் பதிவேற்ற வேண்டியிருக்கிறது; அதற்கு உங்கள் பெயரில் டிஜிட்டல் கையொப்பச் சான்று வேண்டும். திரையில் ‘டெக்னிக்கல் பிட்’ என்று வருவது தகுதிச் சான்றுகள் அடங்கிய உறை. ‘பிரைஸ் பிட்’ அல்லது ‘ஃபைனான்ஷியல் பிட்’ என்று வருவது விலை மட்டும் அடங்கிய உறை. முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாம் உறையை மட்டுமே திறப்பார்கள். எனவே முதல் உறைத் தாள்களில் விலையைத் தவறியும் குறிப்பிடக் கூடாது. ‘ப்ரீ-பிட் கூட்டம்’ என்பது புள்ளி கொடுப்பதற்கு முன் ஐயம் கேட்பதற்கான கூட்டம். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். அங்கே கேட்ட கேள்விக்காக யாரையும் ஒதுக்க மாட்டார்கள். ‘பிட் வேலிடிட்டி’ என்பது நீங்கள் கொடுத்த விலை எத்தனை நாள் உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதைக் குறிக்கும். அதுவரை கம்பி விலை ஏறினாலும் சிமெண்டு விலை ஏறினாலும் உங்கள் விலை மாறாது. ‘ரிவர்ஸ் ஆக்‌ஷன்’ என்று வந்தால் அது இறங்குமுக ஏலம். ஒருவருக்கு ஒருவர் விலையைக் குறைத்துக்கொண்டே போவது.

விலையை நிரப்பும் எக்செல் தாளுக்கு ‘பி.ஓ.க்யூ.’ என்று பெயர். தளத்திலிருந்து இறக்கிய அந்தக் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. மாற்றினால் தளம் ஏற்காது. ஒவ்வொரு கட்டமும் ஓர் அலகின் விலையைக் கேட்கிறதா, மொத்த விலையைக் கேட்கிறதா என்று இரண்டு பேர் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறவினர் ஒருவரின் கடைக்காக, ஓர் அலுவலகத்துக்கு 40 நாற்காலிகள் வழங்கும் புள்ளியை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மொத்த விலை எழுத வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலியின் விலையை எழுதிவிட்டேன். திறந்து பார்த்தபோது எங்கள் புள்ளிதான் ஆகக் குறைந்தது. அந்த விலைக்கு 40 நாற்காலிகளையும் கொடுக்க வழியில்லை. கட்டிய முன்வைப்புத்தொகை போயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து இரண்டாம் ஆள் வாசிக்காமல் எந்தப் புள்ளியையும் நான் அனுப்பவிடுவதில்லை.

பங்குச்சந்தையில்

இங்கே ‘பிட்’ என்பது வாங்க விரும்புகிறவர் சொல்லும் விலை. அதற்கு எதிரே ‘ஆஸ்க்’ அல்லது ‘ஆஃபர்’ என்று வருவது விற்க விரும்புகிறவர் சொல்லும் விலை. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி அகலமாக இருந்தால் அந்தப் பங்கில் கைமாற்றம் குறைவு என்று கொள்ளலாம். புதிய வெளியீட்டுக்கு, அதாவது ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கும்போதும் ‘பிட்’ என்றே கேட்கும். நிறுவனம் ஒரு விலை வரம்பைச் சொல்லும். அதற்குள் ஒரு விலையை நீங்கள் குறிக்கலாம், அல்லது சிறு முதலீட்டாளராக இருந்தால் முடிவாகும் விலை எதுவோ அதற்குச் சம்மதம் என்று ‘கட்-ஆஃப்’ கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பணம் உங்கள் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு கிடைத்தால்தான் கழியும். யு.பி.ஐ. வழியாக விண்ணப்பித்தால் கைப்பேசிக்கு வரும் ஒப்புதலைக் கொடுக்க மறக்காதீர்கள், ஒப்புதல் இல்லாத விண்ணப்பம் கணக்கில் சேராது.

பணம் கைமாறாத இடங்கள்

செய்தித்தாளில் ‘இன் எ பிட் டு’ என்று ஆங்கிலத்தில் வந்தால் அங்கே ஏலமும் இல்லை, டெண்டரும் இல்லை. ‘முயற்சியாக’ அல்லது ‘பொருட்டு’ என்று தமிழில் எழுதினால் போதும். ஒரு நாடு ஒலிம்பிக் போட்டியை நடத்த ‘பிட்’ செய்கிறது என்றால், நடத்தும் உரிமை கோரி விண்ணப்பிக்கிறது என்பது கருத்து. 2036 ஒலிம்பிக்கை நடத்துவதற்கான விருப்பக் கடிதத்தை இந்தியா 2024 அக்டோபரில் கொடுத்தது அவ்வகையானது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்க முன்வருவது ‘டேக்ஓவர் பிட்’. விடைபெறுவதையும் வணக்கம் சொல்வதையும் குறிக்கும் பழைய வழக்கிலும், ஒருவர் ஏவியதைச் செய்வதைக் குறிக்கும் வழக்கிலும் இதே சொல் வரும். மருந்துச் சீட்டில் ‘பி.ஐ.டி.’ என்று மூன்று எழுத்தாக இருந்தால் அது லத்தீன் சுருக்கம்; நாளைக்கு இருமுறை என்று பொருள்.

சீட்டாட்டத்திலும் கேள்வி உண்டு. இருபத்தெட்டு ஆடுவோருக்கு நான் விளக்கத் தேவையில்லை: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏசுக்கும் பத்துக்கும் 1 என்று நான்கு சாதியிலும் கூட்டினால் 28 வரும், 14-இலிருந்து கேட்கத் தொடங்கி, கேட்டவர் அவ்வளவு புள்ளியையும் எடுத்துக் காட்ட வேண்டும். ‘பிட்’ என்பது வாக்குறுதி என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

கடிதம் எழுதும்போது

அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத நேர்ந்தால், ஏலம் அல்லது டெண்டர் பொருளில் இந்த வினை இறந்த காலத்திலும் ‘பிட்’ என்றே நிற்கும். ‘பிட்டெட்’ என்று எழுதுவது பிழை. ‘பேட்’, ‘பிட்டன்’ என்ற வடிவங்கள் விடைபெறுதல், ஆணையிடுதல் ஆகிய பொருள்களுக்கு உரியவை. தமிழில் எழுதினால் இன்னும் தெளிவாகவே எழுதலாம். ஏலம் என்றால், ‘மேற்படி ஏலத்தில் கலந்துகொண்டு, இன்ன தொகைக்கு ஏலம் கேட்டேன், என் கேள்வி ஏற்கப்படவில்லை, ஆதலால் நான் செலுத்திய டேவணித்தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுங்கள். டெண்டர் என்றால் ‘ஏலம் கேட்டேன்’ என்பதற்குப் பதிலாக ‘ஒப்பந்தப்புள்ளி அளித்தேன்’ என்றும், ‘டேவணித்தொகை’ என்பதற்குப் பதிலாக அறிவிப்பில் உள்ள பெயரையே அப்படியே எடுத்தும் எழுதுங்கள். பணம் கட்டிய ரசீதின் எண்ணையும் தேதியையும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டு, ரசீதின் நகலை மட்டும் இணைத்து, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.